ஆட்டோ ஃபோர் வீலை நிறுத்த ஸ்விட்ச் போடலாமா? பாலக்கோட்டில் இருந்து ஒரு கேள்வி

பாலக்கோட்டான்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது இரண்டாவது கையாக வாங்கிய டீசல் எஸ்யூவி. வண்டிப் பெயரைப் போட்டால் பேச்சு கம்பெனிச் சண்டையாகப் போய்விடும், அதனால் அமைப்பை மட்டும் சொல்கிறேன். எப்போதும் முன்சக்கரம்தான் இழுக்கும். முன்சக்கரம் வழுக்கினால் பின்சக்கரம் தானாகச் சேர்ந்துகொள்ளும். டேஷ்போர்டில் ‘லாக்’ பட்டன் ஒன்று இருக்கிறது, அதை அமுக்கினால் முன்னும் பின்னும் சேர்ந்தே இழுக்கும். ‘டூ வீல் மட்டும்’ என்று தனியாக எதுவும் இல்லை.

வாரம் மூன்று முறை பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் என்று போய்வருவேன். மற்ற நாள் தோட்டத்துக்கு. கடைசி அரை கிலோமீட்டர் செம்மண் தடம், மழை பெய்தால் வழுக்கும். அதற்காகத்தான் இந்த வண்டியையே வாங்கினேன்.

இரண்டு மாதமாக ஒரு தொந்தரவு. வீட்டுக்கு முன்னால் சிமென்ட் களத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால், ஹேண்ட் பிரேக் போட்டிருப்பது போலப் பின்பக்கம் பிடித்து இழுக்கிறது. அடியில் ‘கடக் கடக்’ என்று சத்தம். தார் ரோட்டில் நேராகப் போகும்போது எதுவும் தெரியவில்லை. மைலேஜ் 14-இல் இருந்து 12-க்கு வந்துவிட்டது.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். “இந்த ஆட்டோ ஃபோர் வீலே நமக்குத் தேவையில்லை. ஃபியூஸைப் பிடுங்கிவிடலாம், இல்லை என்றால் பின்சக்கரத்துக்குப் பவர் கொண்டுபோகிற பின் ஷாஃப்டைக் கழற்றிவிடலாம். வேண்டும்போது போட்டுக்கொள்ள ஒரு ஸ்விட்ச் வைத்துத் தருகிறேன்” என்றார். ஸ்விட்ச் கூட வாங்கிவிட்டேன், இன்னும் மாட்டவில்லை. யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா? பின்னால் ஏதாவது கெடுமா?

தொப்பூர் இறக்கம்

நான் செய்திருக்கிறேன் நண்பரே, தாராளமாகச் செய்யுங்கள். என் வண்டியும் இதே வகைதான். ஃபியூஸ் பெட்டியில் ஃபோர் வீல் கன்ட்ரோலருக்கு என்று தனி ஃபியூஸ் இருக்கும். அதை எடுத்துவிட்டால் வெறும் முன்சக்கர வண்டி. தர்மபுரியில் இருந்து சேலம் வரைக்கும், அந்தப் பக்கம் பெங்களூரு வரைக்கும் வழுவழு ரோடு. நான்கு சக்கரமும் இழுத்து என்ன ஆகப்போகிறது?

கிரவுன் பினியன்

தம்பி, ஸ்விட்ச் இருக்கட்டும். மூன்று கேள்விக்கு மட்டும் பதில் சொல்.

நான்கு டயரும் ஒரே கம்பெனி, ஒரே மாடலா? கடைசியாக டயர் எப்போது மாற்றினாய், எத்தனை மாற்றினாய்? பின்பக்க கிரவுன் (பின் அச்சின் நடுவில் இருக்கிற பல்சக்கரப் பெட்டி) ஆயிலும் கப்ளிங் ஆயிலும் வாங்கிய பிறகு ஒரு தடவையாவது மாற்றியிருக்கிறாயா?

கிருஷ்ணகிரியில் முப்பது வருஷம் கிரவுன் வேலை மட்டுமே பார்த்தவன் நான். ‘திருப்பினால் பிடிக்கிறது’ என்று வந்த ஆட்டோ ஃபோர் வீல் வண்டிகளில் பாதிக்கு மேல் வியாதி டயரில்தான் இருந்தது.

பாலக்கோட்டான்

அண்ணா, முன் டயர் இரண்டையும் நான்கு மாதம் முன்பு மாற்றினேன். அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. பின் டயர் இரண்டும் வாங்கும்போது இருந்ததுதான், இன்னும் கொஞ்சம் ஓடும் என்று கடைக்காரரே சொன்னார். கம்பெனி வேறு, சைஸ் ஒன்றுதான், 215/65 ஆர் 16. ஆயில் எதுவும் மாற்றவில்லை. கப்ளிங்குக்குத் தனி ஆயில் என்பதே நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

கிரவுன் பினியன்

அப்படியானால் கொஞ்சம் பொறுமையாகப் படி.

உன் டயர் கணக்கு. 215 மி.மீ. அகலம், அதில் 65 சதவீதம் பக்கச் சுவர் உயரம், அதாவது ஏறத்தாழ 140 மி.மீ. மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு பக்கச் சுவர், நடுவில் 16 அங்குல ரிம். மொத்தம் குறுக்களவு 686 மி.மீ. வரும். புது டயரில் பட்டன் ஆழம், அதாவது மேலே வெட்டியிருக்கிற பள்ளத்தின் ஆழம், சுமார் 8 மி.மீ. இருக்கும். தேய்ந்த டயரில் 3 மி.மீ. என்று வை. வித்தியாசம் 5 மி.மீ., குறுக்களவில் 10 மி.மீ., சுற்றளவில் 31 மி.மீ. ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் அங்குலம் என்று வைத்துக்கொள்.

பார்த்தால் சின்னக் கணக்குதான். ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு முன்சக்கரத்தை விடப் பின்சக்கரம் ஏழு சுற்று கூடச் சுற்றியாக வேண்டும். பாலக்கோட்டில் இருந்து ஓசூர் போய்ச் சேருவதற்குள் எத்தனை நூறு சுற்று என்று நீயே பெருக்கிப் பார். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இருப்பது கப்ளிங். ஈரமான கிளட்ச் பிளேட்டுகள் அடுக்கி வைத்த ஒரு டப்பா அது. பைக்கின் கிளட்ச் எப்படியோ அப்படி. இந்த வித்தியாசத்தை எல்லாம் அந்த பிளேட்டுகள் உரசி உரசித்தான் விழுங்குகின்றன. உரசினால் சூடு, சூடானால் ஆயில் கருகும், ஆயில் கருகினால் பிளேட் வழுக்கி வழுக்கிப் பிடிக்காமல், பிடித்து விட்டு பிடித்து விட்டு வேலை செய்யும். களத்தில் கேட்கிற ‘கடக் கடக்’ அதுதான் என்று நினைக்கிறேன்.

திருப்பும்போது மட்டும் ஏன் தெரிகிறது என்று கேட்பாய். ஸ்டீயரிங்கை ஒடித்தால் முன்சக்கரம் பெரிய வட்டம் போடும், பின்சக்கரம் உள்ளடங்கிச் சின்ன வட்டம் போடும். நல்ல கப்ளிங் அப்போது விட்டுக்கொடுக்கும். உன்னுடையது விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறது.

ஃபியூஸைப் பிடுங்கினால் சத்தம் நிற்கலாம். காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் தெர்மாமீட்டரை உடைப்பதற்குச் சமம் அது.

தொப்பூர் இறக்கம்

அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் மைலேஜுக்கு என்ன சொல்கிறீர்கள்? பின்சக்கரத்துக்குப் பவர் போகாவிட்டால் டீசல் மிச்சம்தானே?

ஓசூர் டீசல்

இந்த இடத்தில் நான் பேச வேண்டும். ஓசூரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. கப்ளிங் எங்கள் தயாரிப்பு இல்லை, ஷாஃப்ட் பக்கம் பழக்கம் உண்டு.

ஆட்டோ ஃபோர் வீலில் நேர் ரோட்டில் போகும்போது கப்ளிங் ஏற்கனவே திறந்துதான் இருக்கும். கன்ட்ரோலர் அதை இறுக்குவது வழுக்கும்போது, கிளம்பும்போது ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தால், இல்லை என்றால் லாக் போட்டால். ஃபியூஸை எடுத்தால் இந்த இறுக்கும் வேலை மட்டும் நிற்கும். புரொப்பல்லர் ஷாஃப்டை, அதாவது அந்தப் பின் ஷாஃப்டை, முன்பக்கக் கியர் சுற்றிக்கொண்டே இருக்கும். பின்பக்க கிரவுனைப் பின்சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். எடை ஒரு கிலோ குறையாது. அப்புறம் டீசல் எங்கே மிச்சமாகும்? ஜீப் காம்பஸ் மாதிரி சில வண்டிகளில், தேவையில்லாதபோது பின் ஷாஃப்டே சுற்றாமல் நிற்க ஏற்பாடு உண்டு. அங்கே மிச்சம் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

பாலக்கோட்டான் வண்டியில் இரண்டு கிலோமீட்டர் மைலேஜ் குறைந்தது என்றால் ஏதோ ஒன்று ஓயாமல் உரசுகிறது என்று அர்த்தம். அண்ணன் சொன்ன டயர் வித்தியாசத்தையே கன்ட்ரோலர் வழுக்கல் என்று எடுத்துக்கொண்டு கப்ளிங்கை இறுக்கினால், அது இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. பிரேக் காலிபர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு ரிம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அது பிரேக்.

செம்மண் தடம்

என் டஸ்டர் ஃபோர் வீலில் கம்பெனியே குமிழ் வைத்திருக்கிறது. டூ வீல், ஆட்டோ, லாக் என்று மூன்று நிலை. டூ வீலில் போட்டும் ஆட்டோவில் போட்டும் அரூரில் இருந்து தர்மபுரிக்குப் பல மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டேன். டீசலில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அதன் கையேட்டில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. முன் டயருக்கும் பின் டயருக்கும் அளவு வித்தியாசம் இருப்பதாக, அதாவது காற்று குறைவு அல்லது முன்னாலோ பின்னாலோ மட்டும் தேய்மானம், வண்டி கண்டுபிடித்தால் தானாகவே டூ வீலுக்குப் போய்விடும். கம்பெனியே டயர் வித்தியாசத்துக்கு எவ்வளவு பயந்திருக்கிறது பாருங்கள்.

மாருதி கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப்பில் ஆட்டோ, ஸ்போர்ட், ஸ்னோ, லாக் என்று நான்கு. டூ வீல் என்று தனியாகக் கிடையாது. ஏனென்றால் ஆட்டோவே பெரும்பாலும் டூ வீல்தான்.

மாந்தோப்பு

இடையில் ஒரு சந்தேகம். என் மஹிந்திரா தாருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

கிரவுன் பினியன்

பொருந்தாது. தார், ஜிம்னி, பழைய ஜிப்ஸி எல்லாம் நீயே லீவர் போடுகிற பார்ட் டைம் வகை. டூ ஹெச்சில் வைத்தால் பின்சக்கரம் மட்டும். ஃபோர் ஹெச்சில் வைத்தால் முன்னும் பின்னும் இறுகிப்போகும், நடுவில் விட்டுக்கொடுக்க எதுவும் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் ஹெச் போட்டு வளைக்காதே, அவ்வளவுதான்.

இங்கே 2009-இல் வந்த முதல் ஃபார்ச்சூனர் வேறு வகை. அதில் எப்போதும் நான்கும் இழுக்கும், முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விட்டுக்கொடுக்கிற டிஃபரன்ஷியல் நடுவில் உண்டு. அந்த வகையில் ஒரு ஷாஃப்டைக் கழற்றிவிட்டு நடு டிஃபரன்ஷியலை லாக் போடாமல் கிளப்பினால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், பவர் எல்லாம் கழற்றிய பக்கமாகப் போய் வீணாகும். ‘யாரோ ஒருத்தர் ஷாஃப்டைக் கழற்றினாராம்’ என்று கேட்டுவிட்டு எல்லா வண்டியிலும் கை வைக்கக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

தேன்கனி

ஸ்விட்ச் போடும் யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பத்து வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டு இப்போது தேன்கனிக்கோட்டை பக்கம் வந்துவிட்டேன். அங்கே 1995-இல் இருந்து 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில், ஆட்டோ ஃபோர் வீல் உள்ள வகையில், இது பிரபலம். அதில் ‘டூ வீல்’ என்ற நிலையே கிடையாது, குமிழில் ஆட்டோ, லோ போன்ற ஃபோர் வீல் நிலைகள் மட்டும்தான். பின்சக்கரம் எப்போதும் இழுக்கும், முன்சக்கரத்தைச் சேர்க்க, பவரை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளே ஒரு மின்காந்தக் கிளட்ச். அந்தக் கிளட்ச்சுக்குப் போகிற பழுப்பு நிற ஒயரை வெட்டி நடுவில் ஸ்விட்ச் வைப்பார்கள். ஸ்விட்சை அணைத்தால் வெறும் பின்சக்கர வண்டி. லோ கியரிலும் முன்சக்கரம் சேராது என்பதால் காய்ந்த தரையில் படகு டிரெய்லரைப் பின்னால் தள்ளி நிறுத்த வசதி. நானே ஒன்றுக்குப் போட்டிருக்கிறேன். அரை மணி நேர வேலை.

ஆனால் பாலக்கோட்டான், அந்த வண்டியில் ஈஎஸ்பி, அதாவது வண்டி சறுக்கும்போது தானாகப் பிரேக் பிடித்து நேராக்குகிற ஏற்பாடு, கிடையாது.  இன்றைய வண்டியில் ஏபிஎஸ், ஈஎஸ்பி, இன்ஜின், ஃபோர் வீல் என்று எல்லாக் கன்ட்ரோலரும் ஒரே கம்பியில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன. ஃபோர் வீலுக்குச் சக்கர வேகம் தெரிவதே ஏபிஎஸ் சென்சார் சொல்லித்தான். அதில் ஒன்றைக் கழற்றினால் மற்றவை என்ன செய்யும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். 1998 எக்ஸ்ப்ளோரரில் நடந்ததை வைத்து உங்கள் வண்டிக்குச் சொல்ல முடியாது.

தொப்பூர் இறக்கம்

சரி, நானும் முழுக்கச் சொல்லிவிடுகிறேன். ஃபியூஸை எடுத்த அன்றே ஃபோர் வீல் விளக்கு எரிந்தது, அது தெரிந்ததுதான். கூடவே ஈஎஸ்பி விளக்கும் எரிந்தது. பகலில் கண்ணுக்குத் தெரியவில்லை, பழகிவிட்டது.

போன ஐப்பசி மழையில் இரவு பத்து மணிக்கு தொப்பூர் கணவாய் இறங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் லாரி ஒன்று திடீரென்று வலது லேனுக்கு வந்தது. பிரேக் அடித்து இடது பக்கம் ஒடித்தேன். பின்பக்கம் அலையடித்தது. ஈஎஸ்பி இருந்திருந்தால் ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து நேராக்கியிருக்கும், அன்றைக்கு அது தூங்கிக்கொண்டிருந்தது. தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன். வீட்டுக்காரியும் பையனும் உள்ளே. இதை இங்கே எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ‘தாராளமாகச் செய்யுங்கள்’ என்று முதல் ஆளாகச் சொன்னவன் நான்தான், அதனால் சொல்லியாக வேண்டும். மறுநாள் காலையில் ஃபியூஸைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

பாலக்கோட்டான்

அண்ணா, சொன்னதற்கு நன்றி. நாங்களும் குடும்பத்தோடு அந்த வழியில்தான் சேலம் போவோம். ஃபியூஸ் யோசனையை விட்டுவிட்டேன். அப்படியானால் ஷாஃப்டைக் கழற்றுவது? அதில் ஒயர் வேலை எதுவும் இல்லையே?

கிரவுன் பினியன்

கழற்றலாம். சில சமயம் வேறு வழி இல்லாமல் நானே கழற்றி அனுப்பியிருக்கிறேன். ஆனால் முதலில் ஷாஃப்ட் எப்படி மாட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிளேட்டுக்குப் பிளேட் நான்கு போல்ட்டில் நிற்கிற வகை என்றால் போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும், ஆயில் சிந்தாது. ஸ்ப்ளைன், அதாவது பல் வெட்டிய முனை, உள்ளே நுழைந்து நிற்கிற வகை என்றால் ஷாஃப்டே ஆயில் சீலுக்கு மூடி. எடுத்த அன்றைக்கே ஓட்டை வழியாக ஆயில் போய்விடும். ஒருவர் அப்படி ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஊத்தங்கரையில் இருந்து ஓட்டி வந்தார். என்னிடம் வரும்போது டிரான்ஸ்ஃபர் பெட்டி உள்ளே சொட்டு ஆயில் இல்லை, பேரிங் நீலம் பாய்ந்து கிடந்தது.

கழற்றுவதாக இருந்தால் இரண்டு பக்கமும் சுண்ணாம்பிலோ பெயின்டிலோ மார்க் போட்டுக் கழற்று. திரும்ப அதே பல்லில், அதே போல்ட் வரிசையில் போய் உட்கார வேண்டும். மாறி உட்கார்ந்தால் 80 கி.மீ. வேகத்தில் தரை அதிரும். அப்புறம், ஷாஃப்ட் இல்லாமல் ஓட்டினாலும் கன்ட்ரோலர் சும்மா இருக்காது. பின்சக்கரத்துக்குப் பவர் போகவில்லையே என்று தேடிக்கொண்டே இருக்கும், விளக்கு எரியும், நிலைமை சுற்றி வந்து ஃபியூஸ் கதைக்கே வந்து நிற்கும்.

இன்னொன்று, இது எல்லோருக்கும். கப்ளிங் பிடிக்கிறதா என்று பார்க்க முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை ஆன் செய்து கியர் போடாதீர்கள். தரையில் இருக்கிற பின்சக்கரத்துக்குப் பவர் போனால் வண்டி ஜாக்கியில் இருந்து பாய்ந்துவிடும். நான்கு சக்கரமும் தூக்கி, கீழே ஸ்டாண்ட் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். பிரேக் டெஸ்ட் ரோலரில் இரண்டு சக்கரத்தை மட்டும் ஏற்றும்போதும் இதே ஆபத்து. கெட்டுப்போனால் இரண்டு சக்கரத்தைத் தூக்கி இரண்டை உருட்டிக்கொண்டு இழுக்கவும் கூடாது, லாரியில் முழுசாக ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

அஞ்செட்டி வழி

எல்லோரும் நிறுத்துவதைப் பற்றியே பேசுகிறீர்கள், அது வேலை செய்கிற இடத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். அஞ்செட்டிக்கு உள்ளே மலைக் கிராமங்களுக்கு வாரம் ஒரு முறை போகிறேன். மழைக்காலத்தில் களிமண் ஏற்றம். ஆட்டோவை நம்பி உள்ளே விட்டால், முன்சக்கரம் முதலில் வழுக்கி, அதைக் கன்ட்ரோலர் பார்த்து, அப்புறம்தான் பின்சக்கரம் சேரும். அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் முன்சக்கரம் குழி பறித்துவிடும். அதனால் ஏற்றம் ஆரம்பிப்பதற்கு முன்பே நின்று, லாக் போட்டு, முதல் கியரில் ஒரே சீராக ஏறுவேன். நடுவில் ஆக்ஸிலரேட்டரை விடமாட்டேன். இறங்கும்போதும் லாக்கில் முதல் கியர். இன்ஜின் பிடிக்கிற பிடி நான்கு சக்கரத்துக்கும் பிரிந்து போவதால் முன்சக்கரம் மட்டும் சறுக்குவது குறையும். தார் வந்ததும் லாக்கை எடுத்துவிடுவேன்.

வத்தல்மலை ஏறுகிறவர்கள் கவனிக்க: தார் போட்ட கொண்டை ஊசி வளைவில் லாக்கோடு திருப்பாதீர்கள். பாலக்கோட்டான் களத்தில் கேட்கிற அதே சத்தம் அங்கே நல்ல வண்டியிலும் வரும்.

பாலக்கோட்டான்

நேற்று மாலை அளந்து பார்த்தேன். எல்லோருக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் நான்கு டயரிலும் ஒரே அளவு காற்றுப் பிடித்தேன். களத்தில் வண்டியை நேராக நிறுத்தி, இடது பக்க முன் டயரில் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேராகத் தரையில் ஒரு கோடு. பின் டயருக்கும் அப்படியே. நியூட்ரலில் வைத்து, தம்பியும் பக்கத்துத் தோட்டத்து மாமாவும் மெதுவாகத் தள்ளினார்கள். நான் கூடவே குனிந்து நடந்து, ஒவ்வொரு டயரும் ஐந்து முழுச் சுற்று முடிக்கிற இடத்தில் தரையில் கோடு போட்டேன். களம் நீளம் அவ்வளவுதான் இருந்தது. அப்புறம் கொத்தனாரிடம் வாங்கிய டேப்பால் அளந்தேன்.

முன் டயர் ஐந்து சுற்றுக்கு 10 மீட்டர் 45 செ.மீ. பின் டயர் 10 மீட்டர் 29 செ.மீ. பதினாறு செ.மீ. வித்தியாசம். நம்பமுடியாமல் வண்டியைப் பழைய இடத்துக்குத் தள்ளி இரண்டாவது முறையும் அளந்தேன், அதே கணக்குதான். தரையில் அந்த இரண்டு கோட்டையும் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அண்ணன் சொன்ன ஏழு சுற்று மண்டையில் ஏறியது.

பின் டயர் பட்டன் ஆழம் 3 மி.மீ. இருக்கிறது. சட்டப்படி 1.6 வரை ஓடலாம், கடைக்காரர் சொன்னதும் பொய் இல்லை. சாதாரண முன்சக்கர வண்டியாக இருந்திருந்தால் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கும்.

ஓசூர் டீசல்

அருமை. ஐந்து சுற்றுக்கு 16 செ.மீ. என்றால் சுற்றுக்கு 32 மி.மீ., ஒன்றரை சதவீதம். அண்ணன் பேப்பரில் போட்ட கணக்கு களத்தில் அப்படியே வந்திருக்கிறது. ஒப்பிட ஒன்று சொல்கிறேன். ஜப்பானின் சுபாரு ஆல் வீல் வண்டிகளுக்கு நான்கு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது ஆறு மி.மீ. சொச்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். எல்லா வண்டிக்கும் அவ்வளவு கறார் இல்லை, உங்கள் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆனால் 32 எந்தக் கணக்கிலும் அடங்காது.

கிரவுன் பினியன்

இப்போது செய்ய வேண்டியது: பின்னால் இரண்டு, முன்னால் இருக்கிற அதே கம்பெனி, அதே மாடல் போடு. முன்னால் இருப்பது நான்கு மாதம் ஓடியதுதான், அதனால் பெரிய வித்தியாசம் வராது. இனி 8,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்னையும் பின்னையும் மாற்றி மாற்றிப் போடு. முன்சக்கரம்தான் இழுக்கிறது, ஸ்டீயரிங்கும் அதில்தான், அதனால் அதுதான் சீக்கிரம் தேயும்.

அடுத்தது ஆயில். உன் வண்டியில் கப்ளிங் சீல் அடித்து மூடியதா, பிளக் உள்ளதா என்று பார். மூடியதாக இருந்தால் அதைத் திறக்க முயற்சி செய்யாதே, கிரவுன் ஆயிலை மட்டும் மாற்று. பிளக் இருந்தால் கப்ளிங்குக்கு என்று கம்பெனி சொல்கிற ஆயில் மட்டும்தான் ஊற்ற வேண்டும். கடையில் கிடைக்கிற கிரவுன் ஆயிலை அதில் ஊற்றினால் பிளேட் மறுபடியும் பிடித்துப் பிடித்து விடும். ஸ்கோடா யெட்டியில் இருக்கிற ஹால்டெக்ஸ் வகைக் கப்ளிங்குக்கு ஆயிலும் தனி, கிரவுன் ஆயிலும் தனி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிளக். மாற்றி ஊற்றிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாலக்கோட்டான்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். தக்காளி பறிப்பு நடந்தது.

பின் டயர் இரண்டும் முன்னால் இருக்கிற அதே மாடல் போட்டாயிற்று. அதோடு ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன். களத்தில் பிடிப்பது பாதி குறைந்தது, சத்தம் மிச்சம் இருந்தது. அப்புறம் ஆயில். என் வண்டியில் பிளக் உள்ள வகைதான். கிருஷ்ணகிரிக்கே போய், அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி பக்கத்தில் நின்று பார்த்தேன். கப்ளிங் பிளக்கைத் திறந்ததும் வந்த ஆயில் டீ டிகாஷன் நிறத்தில் இல்லை, கறுப்பாக, கருகிய வாடையோடு வந்தது. பிளக் முனையில் இருக்கிற காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒன்று அப்பியிருந்தது. விரலில் தேய்த்தால் மினுமினுத்தது. பிளேட் தேய்ந்த தூள்தான் அது, பெரிய துண்டு எதுவும் இல்லாததால் பிழைத்தோம் என்றார் மெக்கானிக். புது ஆயில் ஊற்றி, களத்தில் இரண்டு பக்கமும் எட்டு போட்டு ஓட்டினோம். அதே நாளில் ஒரு தடவை வடித்து மறுபடி ஊற்றினோம், பழையது கொஞ்சமும் தங்காமல் இருக்க.

இப்போது முழுக்க ஒடித்துத் திருப்பினாலும் வண்டி தானாக உருள்கிறது. சத்தம் இல்லை. மைலேஜ் இரண்டு டேங்க் பார்த்தேன், 13.6 வருகிறது. முந்தாநாள் மழையில் தோட்டத்துத் தடத்தில் லாக் போட்டு இருபது கிரேட் தக்காளியோடு ஏறினேன், ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

தொப்பூர் இறக்கம்

நானும் நேற்று என் வண்டியை அளந்தேன். எனக்குப் பின் டயர் புதுசு, முன் டயர் பழசு. ஐந்து சுற்றுக்கு 11 செ.மீ. வந்தது. நாளைக்கு டயர் கடை.

கிரவுன் பினியன்

இரண்டு பேரும் ஸ்டெப்னியையும் அளந்துவிடுங்கள். பழைய ஸ்டெப்னியைப் பஞ்சருக்கு மாட்டினால் பக்கத்துப் பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாக ஓட்டு, அதோடு ஓசூர் போய்விடாதே. கழற்றிய பின் டயரில் நல்லது ஒன்றை ஸ்டெப்னியாக வைத்திருந்தாலும் இதே கதைதான்.

பாலக்கோட்டான்

சரி அண்ணா, நாளைக் காலையில் அதையும் பார்த்துவிடுகிறேன். கழற்றிய அந்தப் பின் டயரைத்தான் ஸ்டெப்னியாக வைத்திருக்கிறேன்.